மூன்றாம் மாடிக்குப் போன மேசை

எண்பத்தெட்டுக் கிலோ எடையும் எழுபத்தொரு வயதும் உள்ள வீட்டுக்காரம்மா ஒருத்தர், குடிவருகிறவருடைய மேசைப் பலகையின் மேல் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டு, படியில் ஒரு கால்கூட வைக்காமல், காற்றிலேயே மூன்றாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தார். போகிற வழியில் இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து நீட்டிய கரண்டியை வாங்கி, சூப்புக்கு இன்னும் ஒரு சிட்டிகை உப்பு வேண்டும் என்று சொல்லிவிட்டும் போனார். சந்தேகமிருந்தால் அந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அன்றைக்குத் தெருவில் நின்றவர்கள் இருபது பேர். பார்த்ததாகச் சொல்கிறவர்கள் இன்றைக்கு நானூறு பேர். நம்ப மாட்டேன் என்று நின்றவர் ஒரே ஒரு ஆள்தான். அவர் கதைக்குள் வருவார். கையில் டேப்போடுதான் வருவார்.

மேசை கையளவு அண்ணனுடையது. அதாவது, அவர் மனைவியுடையது. அண்ணன் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். முப்பது வருஷத்தில் அந்த ஊரில் அவர் முதுகில் ஏறாத பீரோ கிடையாது. ஒரு வீட்டுக் கண்ணாடி அலமாரியை உள்ளே அடுக்கிய தட்டுகளோடு இறக்கி, ஒரு தட்டுகூடச் சத்தம் போடாமல் எதிர் வீட்டில் வைத்தவர். எதையும் கையால்தான் அளப்பார். இரண்டு கையையும் விரித்தால் விரல் நுனிக்கு விரல் நுனி ஒரு பாகம், ஆறடி. அதில் பாதி, கால், நாலு விரல், இரண்டு விரல் என்று சொல்லிக்கொண்டே போவார். "டேப்பை வீட்ல மறந்துட்டு வந்துடலாம், கையை மறந்துட்டு வர முடியுமா?" என்று கேட்பார். அதனால்தான் அந்தப் பெயர்.

அவர் மனைவியை ஊர் கத்திரி என்று கூப்பிட்டது. துணி வெட்டுகிற கைக்காகவும் சொல்லலாம், வாய்க்காகவும் சொல்லலாம். இரண்டும் ஒரே பதம்தான். திரைச்சீலை, மெத்தை உறை, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு எல்லாம் தைப்பாள். அதற்குத்தான் அந்த மேசை. ஒன்பதடி நீளம், நாலடி அகலம், நடுவில் இணைப்பே இல்லாத ஒரே பலகை. கால்கள் கழன்றுவரும், பலகையை ஒன்றும் செய்ய முடியாது.

இவர்கள் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர்கள் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள், காலி செய்கிற நாளில் மாலை நான்கு மணிக்குப் பெயின்ட் அடிக்கிற ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஸ்டேஷன் பக்கம் புதிதாகத் திறக்கிற ஓட்டலுக்கு ஐம்பத்திரண்டு திரைச்சீலை சனிக்கிழமைக்குள் தைத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் எட்டரை அடி. இது சரியாகப் போனால் வருஷம் முழுக்க அந்த ஓட்டல் வேலை அவளுக்குத்தான். அண்ணனுக்கோ தோளில் அடிபட்டதிலிருந்து வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. ஆகவே அந்த வீட்டில் அடுப்பு எரிவது இப்போது மேசையால்தான்.

வாடகைக்கு வீடு தேடிப் போன இடத்திலெல்லாம் "தையல் மிஷினா, சத்தம் வருமே" என்று கதவை மூடினார்கள். பதினோரு கதவு. பன்னிரண்டாவது கதவு நர்ஸம்மாவுடையது. தரைத்தளத்தில் அவர் இருக்கிறார். மேலே மூன்று மாடி, மாடிக்கு ஒரு வீடு. மூன்றாம் மாடி காலி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, படுக்கையறையை ஒட்டித் தெருப் பக்கம் ஒரு பால்கனி.

"சத்தமா?" என்றார் நர்ஸம்மா. "பிரசவ வார்டுல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவகிட்ட வந்து சத்தத்தைப் பத்திப் பேசுறியே."

"ரெண்டே பேர்தாங்கம்மா," என்றார் அண்ணன். "நானும் இவளும்."

"மேசையோட சேத்தா மூணு," என்றாள் கத்திரி. "படுக்கையறை மேசைக்கு. நாங்க ஹால்ல படுத்துக்குவோம்."

நர்ஸம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. அவர் முட்டி இரண்டும் வேலைநிறுத்தம் செய்து ஆறு வருஷம் ஆகிறது. தன் வீட்டு மூன்றாம் மாடியைத் தானே பார்த்து ஆறு வருஷம்.

"முன்னாடி இருந்தவன், 'எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்மா'ன்னு மாசா மாசம் சொன்னான். காலி பண்ணினப்புறம்தான் தெரியுது, குளியல் தொட்டியில வாத்து வளத்திருக்கான். அதனால யார் சொல்றதையும் நம்பறதில்ல. நாளைக்கு நீங்க சாமானை எடுத்துட்டு வாங்க. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறத நான் யோசிச்சு அன்னிக்குச் சாயங்காலம் சொல்றேன்."

வேறு யாராக இருந்தாலும் அந்த 'யோசிச்சு' என்ற சொல்லுக்குப் பயந்திருப்பார்கள். கையளவு அண்ணன் பயப்படவில்லை. அங்கேயே படியேறினார். இரண்டாம் திருப்பத்தில் நின்று, சுவருக்குச் சுவர் கையை விரித்தார்.

"ஒன்றரைப் பாகமும் ஒரு விரலும். மேசை ஒன்றரைப் பாகம். வெண்ணெயில கத்தி மாதிரிப் போகும்."

மறுநாள் காலை மழை விட்டுக் காற்று பிடித்திருந்தது. லாரியில் மெத்தையும் மிஷினும் பாத்திரமும் முதலில் வந்தன. கூட ஒரே ஓர் ஆள், லாரி ஓட்டுகிற மௌனி. அவர் கடைசியாகப் பேசியது ஒரு தேர்தல் நாளில் என்பார்கள், அதுவும் பெயரைக் கேட்டதால். பதினைந்து நடையில் மற்றதெல்லாம் மேலே போய்விட்டது. மேசைக் கால்களும் போயின. பலகை மட்டும் மிச்சம்.

பழைய கம்பளியைச் சுற்றிப் பலகையைத் தூக்கினார்கள். முதல் மாடி, சரி. இரண்டாம் திருப்பத்தில் பலகை நின்றது. நிமிர்த்தினால் மேல்படி இடித்தது, சாய்த்தால் கைப்பிடிச் சுவர் இடித்தது. பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, தூக்கி, இறக்கி எல்லாம் பார்த்தாயிற்று. சுவரில் நாலு கீறல் விழுந்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்துத்தான் டேப்பு வந்தார். கத்திரியின் கூடப்பிறந்த அண்ணன், நில அளவை ஆபீசில் வேலை. இடுப்பில் எந்நேரமும் ஸ்டீல் டேப் தொங்கும். சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் இடைவெளி பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அளக்காத எதையும் நம்பியதில்லை, தன் பிறந்தநாள் உட்பட. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

சரக்கென்று டேப்பை இழுத்தார். "எட்டடி ஏழு அங்குலம். பலகை ஒன்பது. அஞ்சு அங்குலம் இடிக்குது மாப்பிள்ளை."

"நேத்து ஒன்றரைப் பாகம் இருந்துச்சே," என்றார் அண்ணன்.

"உங்க பாகம் எவ்வளவு?"

"ஆறடி. இருபது வயசுலேருந்து ஆறடி."

"கையை விரிங்க."

அண்ணன் விரித்தார். டேப்பு அளந்தார். அளந்துவிட்டு நாடாவை அப்படியே நீட்டிக் காட்டினார். ஐந்தடி எட்டு அங்குலம்.

போன வருஷம் ஒரு ஃபிரிட்ஜ் சாய்ந்து அண்ணனுடைய வலது தோளில் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது, வலி போய்விட்டது. முழுதாக விரியாமல் அந்தக் கை நாலு அங்குலத்தைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொண்டதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு எட்டுகிறது, சட்டை மாட்ட முடிகிறது, வேறென்ன வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் மேசையை அளந்த கை வேறு, நேற்றுப் படியை அளந்த கை வேறு.

அண்ணன் தன் கையை, ஏமாற்றிய கூட்டாளியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இவ்ளோ நாளா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே நீ," என்றார் அதனிடம்.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் கத்திரி. பலகையின் ஓரத்தை அவள் இன்னும் விடவில்லை.

"அறுக்க வேண்டியதுதான்," என்றார் டேப்பு. "நடுவுல அறுத்து மேல கொண்டுபோய் இணைச்சுக்கலாம். எனக்குத் தெரிஞ்ச தச்சர் இருக்கார்."

"இணைப்பு இருந்தா கத்திரி தட்டும்ணா. தட்டினா துணி கோணும். எட்டரை அடித் திரை நடுவுல கோணினா ஓட்டல்காரன் வாங்குவானா?"

"மூணு மணி நேரத்துல அங்க பெயின்ட்காரன் வந்துடுவான் தங்கச்சி. பலகையைத் தெருவுல போட்டுத்தான் வெட்டப் போறியா? காத்துல உன் துணி பக்கத்து ஊருக்குப் போயிடும். ஒரு மணி நேரத்துல தச்சரோட வரேன்."

அவர் போன பிறகு பலகையைத் திரும்ப இறக்கி வாசல் சுவரில் சாய்த்தார்கள். கத்திரி டப்பாவிலிருந்து அவித்த முட்டையும் ரொட்டியும் எடுத்துக் கொடுத்தாள். மௌனி சாப்பிட்டார். அண்ணன் சாப்பிடவில்லை, கழுத்தை வளைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தை அல்ல. மொட்டை மாடி விளிம்பில், கட்டடம் கட்டியபோது தண்ணீர்த் தொட்டி ஏற்றுவதற்காக விட்ட ஓர் இரும்பு உத்தரம், பால்கனியையும் தாண்டித் தெருப் பக்கம் இரண்டு முழம் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அழுவணும்னா இப்பவே அழுதுடு. இன்னும் அரை மணி நேரத்துல வேலை இருக்கு," என்றார்.

"யார் அழுவறா? ரம்பம் மேசைக்கு வந்தா அந்த ரம்பம் முதல்ல எங்க அண்ணன் டேப்பை அறுத்துட்டுத்தான் வரணும்."

"அப்ப முட்டையைக் குடு."

இரண்டு கப்பி, ஒரு சுருள் கயிறு, எல்லாம் லாரியிலேயே இருந்தன. ஒரு கப்பி உத்தரத்தில், இன்னொன்று கீழே தூணில். கயிறு மேலே போய்க் கீழே வந்து, தூணைச் சுற்றி, லாரியின் முன் கொக்கியில் முடிந்தது. லாரி ஓரடி பின்னால் போனால் பலகை ஓரடி மேலே போகும். அண்ணன் உத்தரத்தில் ஏறி, கப்பியை மாட்டி, அதில் தானே தொங்கிப் பார்த்தார். தெருவில் போன இரண்டு பேர் நின்றார்கள். பிறகு எட்டுப் பேர் ஆனார்கள்.

நர்ஸம்மா கைத்தடியோடு வாசலுக்கு வந்தார். "யாரைக் கேட்டு என் வீட்டுல கப்பி மாட்டின?"

"மேசை பால்கனி வழியாப் போகுதும்மா."

"என் பால்கனி கம்பி உடைஞ்சா? காரை பேந்தா? கம்பி எந்த நிலைமையில இருக்குன்னே எனக்குத் தெரியாது. நான் பாக்காம ஒரு துரும்பு அது வழியாப் போகக் கூடாது."

"வந்து பாருங்களேன்."

"முட்டியை நீ குடுக்கறியா?"

அண்ணன் பலகையைப் பார்த்தார். நர்ஸம்மாவைப் பார்த்தார். முப்பது வருஷமாகப் பொருள்களைக் கண்ணாலேயே எடைபோட்ட மனிதர்.

"எண்பத்தெட்டு," என்றார்.

"என்னது?"

"உங்க எடை. கப்பி முந்நூறு தாங்கும், கயிறு ஐநூறு தாங்கும். பியானோவையே ஏத்தியிருக்கேன். மேசையில உக்காருங்க, மேல கொண்டுபோய் விடறேன். பால்கனி, குளியல் தொட்டி, குழாய் எல்லாம் நீங்களே பாருங்க. பிடிக்கலன்னா நீங்களும் மேசையும் அப்படியே கீழ வந்துடலாம்."

"என்னங்க பேசறீங்க?" என்றாள் கத்திரி.

நர்ஸம்மா கயிற்றை எடுத்து விரலால் திருகிப் பார்த்தார், தொப்புள்கொடி பார்க்கிற மாதிரி.

"கயிறு எப்ப வாங்கினது?"

"போன மாசம்."

"தலகாணி எடுத்துட்டு வா," என்றார் நர்ஸம்மா.

பலகைக்கு அடியில் இரண்டு இடத்தில் கம்பளி சுற்றிக் கயிறு கொடுத்து, நாலு முனையையும் கொக்கியில் சேர்த்தார் அண்ணன். நர்ஸம்மாவின் இடுப்பில் அகலப் பட்டையைக் கட்டி, அதையும் கொக்கியில் தனியாக மாட்டினார். பலகை காற்றில் சுழலாமல் இருக்க ஒரு பக்கக் கயிறு. அதைத் தானே பிடித்துக்கொண்டார். மேலே பால்கனியில் இரட்டைக் கதவையும் திறந்து கத்திரி நின்றாள். லாரியில் மௌனி.

லாரி உறுமியது. பலகை தரையை விட்டது.

முதல் மாடி வரை நர்ஸம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அங்கே காற்று ஒரு தள்ளு தள்ளியது. பலகை அரைவட்டம் அடித்துச் சுவரை நோக்கிப் போனது. அண்ணன் பக்கக் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். வலது தோள் ஏதோ சொன்னது. உன்னிடம் பேச்சில்லை என்று விட்டுவிட்டார். பலகை சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்று, நேராகித் திரும்பியது.

"ஏம்பா, ஏன் நிறுத்தின?" என்றது மேலேயிருந்து குரல். நர்ஸம்மா கண்ணைத் திறந்திருந்தார். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

இரண்டாம் மாடியில் சூப் கிண்டிக்கொண்டிருந்தவள் ஜன்னலுக்கு நேரே வீட்டுக்காரம்மாவின் கால் வருவதைப் பார்த்தாள், பிறகு முகம் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் கரண்டியை நீட்டிவிட்டாள். நர்ஸம்மாவும் மரியாதைக்கு வாங்கிக் குடித்தார். மூன்றாம் மாடியில் கத்திரி பலகையின் முனையைப் பிடித்து உள்ளே இழுக்க, படியில் ஓடி மேலே வந்த அண்ணன் நர்ஸம்மாவைத் தோளைப் பிடித்து இறக்கினார்.

நர்ஸம்மா வீட்டைப் பார்க்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆஸ்பத்திரி மேல இன்னொரு மாடி கட்டியிருக்கான்," என்றார். "யாருமே சொல்லலியே எனக்கு."

பிறகுதான் குளியலறைக்குப் போய் வாத்தை நினைத்துத் திட்டினார், சொட்டுகிற குழாயைத் திருகினார், பால்கனிக் கம்பியை உலுக்கினார். அதற்குள் பலகைக்குக் கால் மாட்டியாயிற்று. கத்திரி முதல் துணியை விரித்துவிட்டாள்.

ஒரு மணி நேரம் என்று சொல்லிப் போன டேப்பு இரண்டு மணி நேரம் கழித்து வந்தார், தச்சரோடும் ரம்பத்தோடும். வாசலில் பலகை இல்லை. நிமிர்ந்து பார்த்தால் பால்கனியில் நர்ஸம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

டேப்பு படியேறி மூச்சிரைக்க உள்ளே வந்தார். மேசையை அளந்தார். ஒன்பதடி. குனிந்து அடியில் தடவினார். இணைப்பு இல்லை.

"எப்படி?"

"பால்கனி வழியா," என்றாள் கத்திரி.

"சரி, பலகையைக் கயித்துல ஏத்திட்டீங்க. ஒத்துக்கறேன். நர்ஸம்மா எப்படி வந்தாங்க?"

"பலகையிலதான்."

டேப்பு சிரித்தார். "தங்கச்சி, மாப்பிள்ளை விடற கதையை நீயும் விட ஆரம்பிச்சுட்டியா? ரெண்டு பேரும் கைத்தாங்கலா படியில கூட்டிட்டு வந்திருப்பீங்க."

"ஆறு வருஷமா நான் அந்தப் படியில கால் வைக்கலடா," என்றார் நர்ஸம்மா. "ஏம்பா கையளவு, காகிதத்தைக் கொண்டா. வீடு எனக்குப் பிடிச்சுப்போச்சு, இவங்களையும் பிடிச்சுப்போச்சு. எழுது: வீட்டுக்காரர் மேற்படி வீட்டை, மேற்படி மேசையில் அமர்ந்து, பால்கனி வழியாக நேரில் வந்து பார்வையிட்டார். டேய், நீ சாட்சிக் கையெழுத்துப் போடு."

"நான் பாக்காததுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்."

"வேற எதையாவது எழுதிக்கலாம்மா," என்றார் அண்ணன்.

"எழுத மாட்டேன். வீட்டைப் பத்தி இத்தனை வருஷமா பொய்தான் கேட்டேன். இன்னிக்கு நானே வந்து பாத்திருக்கேன், அது காகிதத்துல இருக்கணும். தெருவுல பாத்தவங்க கையெழுத்து வேண்டாம், அளக்காம எதையும் நம்பாத இவன் போட்டாத்தான் செல்லும். சாட்சி இல்லன்னா ஒப்பந்தமும் இல்ல."

கத்திரியின் கை துணிமேல் அப்படியே நின்றது. மணி மூன்றரை. இன்னும் அரை மணியில் பழைய வீடு பெயின்ட்காரன் கைக்குப் போய்விடும்.

"நீ வயித்துலேருந்து வெளிய வர்றப்பவே இப்படித்தான்டா," என்றார் நர்ஸம்மா டேப்புவிடம். "பாதி வந்துட்டு, உலகம் இருக்கா இல்லையான்னு அரை மணி நேரம் யோசிச்ச. நான்தான் இழுத்தேன். சரி, எப்படியும் நான் கீழ போகணும். ஏம்பா கையளவு, அந்த நாற்காலியைக் கட்டு. பக்கக் கயித்தை இவன்கிட்ட குடு."

"என்கிட்டயா?"

"நான் மேல இவங்களைப் பிடிச்சு உக்கார வைக்கணும் மச்சான்," என்றார் அண்ணன். "கீழ நம்ம ஆளு வேற யாரும் இல்ல. தச்சர் ரம்பத்துக்கு வேலை இல்லன்னு போயிட்டார்."

உண்மையில் தச்சர் கயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் ஓடினார்.

டேப்பு கீழே இறங்கினார். பக்கக் கயிற்றை இடுப்பில் எப்படிச் சுற்ற வேண்டும் என்று மௌனி சைகையில் காட்டினார். மேலே கைப்பிடி நாற்காலி கம்பிக்கு வெளியே வந்தது. அதில் நர்ஸம்மா, மடியில் கைத்தடி. லாரி அங்குலம் அங்குலமாக முன்னால் வந்தது. முதல் மாடிக்கு நேரே பழைய இடத்தில் காற்று வந்து காத்திருந்தது. கயிறு டேப்புவின் உள்ளங்கையில் ஒரு சாண் ஓடியது. அவர் குதிகாலை ஊன்றி, பல்லைக் கடித்து, மல்லாந்து விழாத குறையாகச் சாய்ந்தார். எண்பத்தெட்டுக் கிலோவும் அதன் நாற்காலியும் கயிற்றின் மறுமுனையில் இருக்கிறதா இல்லையா என்று அவருக்கு அந்த நிமிஷத்தில் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உயிரோட இருக்கியாடா?" என்றது மேலேயிருந்து.

"பேசாம வாங்கம்மா," என்றார் டேப்பு, கண்ணில் தண்ணீரோடு.

நாற்காலி பூப்போல வாசலில் உட்கார்ந்தது. தெரு கைதட்டியது. கத்திரி ஒப்பந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஓடி இறங்கி வந்தாள், பின்னாலேயே அண்ணன். நர்ஸம்மா நாற்காலியிலிருந்து எழாமலேயே கையெழுத்துப் போட்டுப் பேனாவை நீட்டினார்.

டேப்பு சிவந்து தோலுரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே காகிதத்தைப் படித்தார். பால்கனி வழியாக, தரையிலிருந்து முப்பத்து மூன்றடி உயரத்துக்கு, என்று அண்ணன் கைப்பட எழுதியிருந்தது.

"இது யார் சொன்ன அளவு?"

"கயித்தை நான்தான் அளந்தேன்," என்றார் அண்ணன். "அஞ்சரைப் பாகம்."

டேப்பு மறுபடி மூன்று மாடி ஏறினார். பால்கனிக் கம்பியிலிருந்து கயிற்றைத் தொங்கவிட்டு, தரை தொட்ட இடத்தில் முடிச்சுப் போடச் சொல்லி, மேலே இழுத்து மேசை மேல் நீட்டிப் பகுதி பகுதியாக அளந்தார். இறங்கி வந்தார். முப்பத்து மூன்றை அடித்துவிட்டு மேலே சிறிதாக எழுதினார்: முப்பத்தோரு அடி இரண்டு அங்குலம்.

"மத்ததெல்லாம் நடந்ததுதான்," என்று சொல்லிக் கீழே கையெழுத்துப் போட்டார்.